முனியாண்டி கோயில் வளைவில் நின்ற கார்

சித்தி ஏறி உட்கார்ந்தால் முனியாண்டி கோயில் வளைவில் கார் நின்றுவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. என் கண்ணெதிரே அது பலமுறை நின்றிருக்கிறது.

நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்தார்கள். அப்பாவின் தம்பியான சித்தப்பா மட்டும் தோட்ட வேலை வேண்டாமென்று பழைய கார் ஒன்றை வாங்கிப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் வாடகைக்கு ஓட்டினார். அப்பாவின் அக்காவான அத்தை, கணவர் இறந்தபின் எங்களோடு வந்து சேர்ந்தவர். வீட்டில் எது நடக்கலாம், எது கூடாது என்பதை அவரே தீர்மானித்தார். சித்தி பெரகலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். மலையேறி வரும் லொறிகள் இளைப்பாற நிற்கும் அந்தச் சந்தியில் அவருடைய அப்பா தேநீர்க்கடை வைத்திருந்தார்.

எங்கள் தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையில், ஒரு வளைவில், மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். அவரைக் கடக்கும் வாகனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோயிலின்முன் நிறுத்தி, சூடம் கொளுத்தி, வாகனத்தின் முகப்பில் திருநீறு பூசிய பிறகே அப்பால் போவார்கள். ஆனால் எஞ்சினை அணைக்கமாட்டார்கள். சாமியின் முன்னால் அணைத்தால் பயணம் அறுந்துபோகும் என்பது நம்பிக்கை. ஆகவே சூடம் எரிந்து முடியும்வரை வாகனம் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

புதுப்பெண்ணாகிய சித்தியைப் பதுளைக்கு முதன்முதலாக அழைத்துச் சென்ற அன்று, சூடம் பாதி எரிகையிலேயே எங்கள் கார் இரண்டுமுறை உடலை உதறிவிட்டு அடங்கிப்போனது. பின் இருக்கையில் இருந்த அத்தை சித்தியைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த பயணத்திலும் அவ்வாறே நின்றது. அதற்கடுத்த பயணத்தில், நிற்பதற்கு முன்பே அத்தை சித்தியைப் பார்த்தார்.

சித்தப்பா பதுளையில் ஒரு கராஜில் காட்டினார். முறை வரும்வரை காத்திருந்ததில் கார் நன்றாக ஆறிப்போயிருந்தது. கிளப்பியதும் ஒரு குறையுமின்றிச் சீராக ஓடியது. காரில் பழுதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. காரில் பழுதில்லையென்றால் பழுது காரில் ஏறியவரிடம்தானே இருக்க வேண்டும்? பதுளைக் கடைத்தெரு நெரிசலில் அது நின்ற தடவைகளை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அங்கே சாமி இல்லை.

அதன்பின் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. வளைவுக்கு முன்னால் சித்தி இறங்கிக்கொள்ள வேண்டும். கோயிலைக் கடந்து நடந்துபோய், அடுத்த திருப்பத்தில் மறுபடியும் ஏறிக்கொள்ளலாம். முதல் தடவை அப்படி நடந்தபோது நான் முன் இருக்கையில் சித்தப்பாவின் பக்கத்தில் இருந்தேன். மழைத் தூறலில் சித்தி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். அத்தை இறங்கிச் சூடம் கொளுத்தினார். கார் நிற்கவில்லை.

"பாத்தியா தம்பி?" என்றார் அத்தை. சித்தப்பா காரை நகர்த்தினார்.

அன்று மாலையே அப்பாவிடம் பேச்சு வந்தது. "முனிக்குச் சேவல் நேந்திருக்கேன். தை பொறக்குற வரைக்கும் அவ அவங்க வீட்டுலயே இருக்கட்டும். அவரு மனசு எறங்கட்டும். அப்பறம் கூப்பிடுறதா வேணாமான்னு பாப்போம்" என்று அத்தை சொன்னார். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தம் செருப்பைப் பார்த்தார்.

சித்தி ஊருக்குப் போகிறார் என்பது மட்டுமே எனக்கு விளங்கியது. பெரகலைக் கடையில் கண்ணாடிப் போத்தல்களில் பணிஸும் முறுக்கும் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் சேலைகளை மடித்துப் பையில் வைக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, என்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினேன். அவரை மகிழ்விக்க எண்ணி, அன்றைய பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன்.

"இன்னைக்குக் கோயில்கிட்ட காரு என்னா சத்தம் தெரியுமா சித்தி! சித்தப்பா மத்த நாளு மாதிரி இல்லாம ஆக்சிலேட்டர மிதிச்ச கால எடுக்கவே இல்ல. அத்தை காதப் பொத்திக்கிட்டாங்க."

சேலையின் மேல் இருந்த கை நின்றது. "மிதிச்சிக்கிட்டே இருந்தாரா?"

"ஆமா. நான் பாத்தேன்."

சித்தி பையை மூடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தி அத்தையின் முன் வந்து நின்றார். அவர் அத்தையிடம் தாமாக வந்து பேசியதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"அண்ணி, போறதுக்கு முன்னால ஒன்னு கேக்குறேன். அவரு கார இங்க வாசல்லயே ஸ்டார்ட் பண்ணட்டும். கால எடுத்துட்டுச் சும்மா விட்டுடட்டும். கோயிலுக்குப் போய்ச் சேர்ற நேரத்துக்கு ஓடட்டும். நான் அடுப்படிய விட்டு வெளிய வரமாட்டேன்."

"இங்க எதுக்கு நிக்கப்போவுது?"

"நிக்கலன்னா நான் போறேன் அண்ணி. திரும்பி வரல."

சித்தப்பா காரைக் கிளப்பினார். மலைக்குளிரில், பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துவிட்டதும் அது சமர்த்தாக ஓடியது. சற்றுப் பொறுத்துச் சோக்கைத் தள்ளினார். பாதத்தை மிதியிலிருந்து எடுத்துவிட்டு இறங்கி நின்றார். லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள்.

"என்னாப்பா, காருக்குக் கஞ்சி காய்ச்சுறியா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மாமா.

"பெட்ரோல் தண்ணி மாதிரி கெடைக்குது போல" என்றது இன்னொரு குரல்.

கார் ஓடியது. அத்தை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். அடுப்படியிலிருந்து பாத்திரம் துலக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. முகப்புத் தகடு தொட முடியாதபடி சூடானது. எஞ்சின் ஓசையில் முதலில் ஒரு தடுமாற்றம், பிறகு ஓர் உலுக்கல். கார் தலையிலிருந்து வால்வரை நடுங்கி, எங்கள் வாசலிலேயே அடங்கிப்போனது.

"முனியாண்டி இங்கயே வந்துட்டாருடோய்!" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

சித்தப்பா மறுபடியும் கிளப்பி, முகப்பைத் திறந்தார். அது அணையும் தறுவாயில், அடுப்படிக்குள்ளிருந்து சித்தியின் குரல் வந்தது.

"ஏங்க, உள்ளுக்குள்ள சீட்டியடிக்கிற மாதிரி கேக்குதே, அது என்னா?"

சித்தப்பா குனிந்து கேட்டார். ஒரு குவளையில் தண்ணீர் வாங்கி, ரப்பர்க் குழாய்களின்மேல் ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். காபரேட்டருக்குக் கீழே மறைந்திருந்த சிறு குழாயில் தண்ணீர் பட்டதும் அதை உள்ளே உறிஞ்சிக்கொண்டு எஞ்சினின் ஓசை மாறியது. துணியைச் சுற்றிய விரலால் அந்த இடத்தை அழுத்தினார், கார் சீரானது. விரலை எடுத்தார், நடுங்கியது. மீண்டும் அழுத்தினார். தம் மேலேயே நம்பிக்கையில்லாதவர்போல நான்கைந்து முறை அதையே செய்துகொண்டிருந்தார்.

குழாயின் அடிப்பக்கத்தில் நகக்கீறல் போன்ற ஒரு வெடிப்பு. குளிரில் அது இறுகியிருக்கும். சோக் இழுத்திருக்கும்போது பெட்ரோலும் கூடுதலாகப் போவதால், உள்ளே புகும் காற்று தெரியாது. சூட்டில் ரப்பர் இளகி வாய் திறக்கும்போது, மிதியிலிருந்து பாதத்தையும் எடுத்தால், அந்தக் காற்றே எஞ்சினை அணைத்துவிடும். எங்கள் பாதையில் அவ்விரண்டும் முதன்முதலாகச் சேரும் இடம் முனியாண்டி கோயில். இவை நான் பிற்காலத்தில் விளங்கிக்கொண்டவை.

வெடித்த பகுதியைச் சித்தப்பா சைக்கிள் டியூப் துண்டால் இறுகக் கட்டினார். அதன்பின் கார் நிற்கவேயில்லை. கூடியிருந்தவர்கள் அலுத்துக் கலைந்துபோனார்கள். "வா, தெமோதரை வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று சித்தப்பா அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். அவர் முகம் பண்டிகை நாள்போல் இருந்தது.

சித்தி வரவில்லை. உள்ளே போய், பையிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் கொடியில் போட்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. பெரகலைப் பயணம் தவறிப்போனதற்காக அழுகிறார் என்று எண்ணி, "தீபாவளிக்குப் போகலாம் சித்தி" என்று தேற்றினேன். அவர் சிரித்து, என் தலையைத் தம் மடியில் அழுத்திக்கொண்டார்.

நேர்ந்த சேவலை அத்தை விடவில்லை. முனிதான் கண்ணைத் திறந்துவிட்டார் என்று கொண்டுபோய் அறுத்தார். அதைச் சமைத்தது சித்தி. குழம்பு நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

அடுத்தமுறை பதுளைக்குப் போகும்போது சித்தி இறங்காமல் காரிலேயே இருந்தார். சூடம் முழுவதும் எரிந்து முடிந்தது. கார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா கண்ணாடியில் சித்தியின் முகத்தைத் தேடினார். சித்தி மறுபக்கத்துத் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் சரியான பிறகும் இவர் ஏன் பேசாமலிருக்கிறார் என்று நான் வியந்தேன். சித்தியை அனுப்பிவிடலாமென்று அத்தை பேசி முடித்த அந்த மாலையில், சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கார் கைமாறிப் போய்விட்டது. சித்தப்பா காலமானார். என் பெற்றோரும் இல்லை. படுத்த படுக்கையான அத்தையைக் கடைசிவரை குளிப்பாட்டி, சோறூட்டி வைத்திருந்தவர் சித்தி. நான் பதுளையிலிருந்து பஸ்ஸில் போய் அவ்வப்போது பார்த்துவருகிறேன். அந்த வீட்டில் இப்போது இருப்பவர் சித்தி ஒருவரே.