மில்லுக்காரம்மா எங்கே குடியிருக்கிறாள்?

அந்தத் தெரு குடியிருப்புப் பகுதி. அங்கே தொழில் நடத்தக்கூடாது என்பது நகராட்சி விதி. ஆனால் சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு, வாசல் அறையில் சின்ன மோட்டார் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆள் அங்கேயே குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த விலக்கின் தயவில்தான் மில்லுக்காரம்மா இத்தனை காலம் மாவு அரைத்தாள். புருஷன் போன பிறகு மகனைப் படிக்கவைத்ததும் கல்யாணம் செய்துவைத்ததும் அந்த மோட்டார்தான். முகத்திலும் புருவத்திலும் மாவு அப்பிக்கொண்டு, பெல்ட் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தியே அவள் குரல் கட்டைக்குரலாகிவிட்டது.

மகன் ஊரின் மறுகோடியில் இருந்தான். "பெரிய வீடா பாத்து உன்னைக் கூட்டிட்டுப் போறேம்மா" என்றான். சொன்னதோடு சரி. தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "என்னம்மா, பையன் இன்னும் கூட்டிட்டுப் போகலையா?" என்று மாவு வாங்கும்போதெல்லாம் நோண்டினார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "போன வாரமே போயாச்சே! பகல்ல மட்டும்தான் இங்க வர்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னால் போதுமா? நடித்தாக வேண்டுமே! தினமும் சாயங்காலம் ஷட்டரை இறக்கிப் பூட்டி, பையைத் தோளில் மாட்டி, எல்லோரும் பார்க்கத் தெருமுனைவரை நடப்பாள். பிறகு பின்சந்து வழியாகச் சுற்றிவந்து கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே போவாள். வெளிச்சம் தெரியாமலிருக்க உள்ளறை ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தாள். பாவம், சொந்த வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரி நுழைந்தாள். தெருவும் அப்படியே நம்பியது. மகன்னா இப்படி இருக்கணும் என்று அவனை வாயாரப் புகழ்ந்தார்கள். அதைக் கேட்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பக்கத்து மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர், கார் முழுக்க மாவுத் தூசி என்று புகார் கொடுத்தார். நகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி விசாரிக்க வந்தாள்.

"நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?"

"ஆமாம் மேடம்" என்றாள் மில்லுக்காரம்மா, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில்.

எதிரே வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரருக்குக் காது கூர்மை. நல்ல மனுஷன், விலக்கு விஷயம் தெரியாமல் நல்லதுதான் செய்ய நினைத்தார். "இங்க ஏன் மேடம் இருக்கணும்? பையன் வீட்டுல ராணி மாதிரி இருக்காங்க. சாயங்காலமானா பூட்டிட்டுப் போயிடுவாங்க, தெருவே சாட்சி!"

 மில்லுக்காரம்மா ஓடிப்போய் உள்ளறையைத் திறந்து காட்டினாள். பாய், தலையணை, அடுப்பு, மாத்திரை எல்லாம் இருந்தன.

"இதை இன்னைக்குக் காலைலகூட எடுத்து வெச்சிருக்கலாமேம்மா" என்றாள் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. "யாரும் குடியில்லன்னா மில்லை மூடித்தான் ஆகணும். வேற வழியில்ல."

அதிகாரி உள்ளே சொன்னது இஸ்திரிக்காரருக்குக் கேட்கவில்லை; தன் பேச்சை நம்பவில்லை போலிருக்கிறது என்று மகனுக்கே போன் போட்டார். அவனும் அலறியடித்துக்கொண்டு வந்தான். அதற்குள் அக்கம்பக்கமெல்லாம் வாசலில் கூடிவிட்டது.

"அம்மா உங்க வீட்டுலதானே இருக்காங்க?" என்று கேட்டாள் அதிகாரி.

"சொல்லுங்க தம்பி, அம்மாவைத் தங்கமா வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தார் இஸ்திரிக்காரர். "தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

மகன் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திறந்திருந்த உள்ளறையையும், ஜன்னலில் தொங்கிய சாக்கையும் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

"இல்ல மேடம்" என்றான். "என் வீட்டுல அவங்க ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்ல. இங்கதான் இருக்காங்க. தனியா."

அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டாள். மில் பிழைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் பதறிப்போய் அதிகாரியின் கையைப் பிடித்தாள். "அவன் கூப்பிட்டான் மேடம்! எத்தனையோ தடவை கூப்பிட்டான். நான்தான் மோட்டாரை விட்டுட்டு வரமாட்டேன்னு அடம்பிடிச்சேன்."

"நான் கூப்பிடலம்மா" என்றான் மகன். "பேச்சுக்குச் சொன்னேன். அதோட மறந்துட்டேன்."

"வாயை மூடுடா" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள் மில்லுக்காரம்மா. "தெருவே கேட்டுக்கிட்டிருக்கு."