வீட்ல ரெண்டு இருக்கு

எங்கள் ஷோரூமில் அவளை டெமோ அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனி, டீலர்களை நம்பாமல் தானே நேரடியாக நடத்தும் கடை இது. நான் பின்பக்கம் ரிப்பேர் மேஜையில் இருப்பவன். பழைய மெஷினில் இருப்பதைப் புதியதுக்கு மாற்றிக் கொடுப்பதும் என் வேலைதான். அதற்குக் காசு கிடையாது. ஆனால் யாருக்கு மாற்றினேன் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

கம்ப்யூட்டரை இயக்கிக் காட்டுவது அக்காவின் வேலை. அவள் இயக்கிக் காட்டி நான் பார்த்ததே இல்லை. "நான் தொட்டா அவங்க தொட மாட்டாங்கடா" என்பாள். வாசலோர மேஜையில் உள்ள மெஷினில் ஒரு சீட்டு விளையாட்டைப் பாதியில் விட்டு வைப்பாள். கருப்புப் பத்தின் மேல் சிவப்பு ஒன்பதை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. வெளியே பஸ் நிறுத்தம். பஸ்ஸுக்கு நிற்கிறவர் கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பார். இரண்டு பஸ் போகும். மூன்றாவது பஸ் வருவதற்குள் உள்ளே வந்து மவுஸைப் பிடித்திருப்பார். அக்கா அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். அவர் மூன்றாவது ஆட்டத்துக்கு வந்த பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவாள். "இது கடையா, கிளப்பா?" என்று மேனேஜர் கத்துவார். விற்பனை ஆனதும் வாயை மூடிக்கொள்வார்.

வினை வந்தது ஒரு படிவத்தால். வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் "இதுதான் உங்கள் முதல் கம்ப்யூட்டரா?" என்று கேட்டு எழுத வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் டீலரிடம் போகட்டும், சொந்தக் கடை புது ஆட்களைப் பிடிப்பதற்குத்தான் என்பது அவர்கள் கணக்கு. பத்துப் பேரில் ஆறு பேராவது முதல் தடவை வாங்குபவராக இருக்க வேண்டும். எங்கள் கடையில் இரண்டைத் தாண்டவில்லை. அந்த மாதக் கடைசியில் இழுத்து மூடப் போவதாகக் கடிதம் வந்தது. மூடினால் எட்டுப் பேருக்கு வேலை போகும்.

"அத்தனையும் பொய்" என்றாள் அக்கா, சாப்பாட்டு நேரத்தில். "மவுஸைக் கவுத்துப் பிடிக்கிறவர்கூட வீட்ல ரெண்டு இருக்குங்கிறார். நாலு பேர் முன்னாடி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு யாராவது சொல்வாங்களா?"

"எல்லாருமே பொய் சொல்றாங்கன்னு எப்படிக்கா சொல்றே?"

டப்பாவை மூடிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன் இந்த வேலைக்கு வந்தபோது, வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்களாம். இரண்டு என்று எழுதினாளாம். பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர், பத்து வயது மகள், ஒண்டுக்குடித்தனம். அதில் எங்கே இரண்டு? சேர்ந்த புதிதில் கடையைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவோடு கூடவே வந்து, கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் தானே தட்டுத் தடுமாறிப் பழகிக்கொண்டாள். "வெளியே சொல்லித் தொலைச்சிடாதே" என்றாள். பொய்த் தகவல் கொடுத்தால் வேலை போகும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நானும் போட்டவன்தான். சொல்வேனா?

சனிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், குரல்தான் ஊருக்கே கேட்கும். படிவம் பொய் சொல்கிறது என்று அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஆதாரம் இருந்தா காட்டுங்கம்மா, இல்லேன்னா விடுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டுக் கல்லாப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

மதியம் தையல்காரர் வந்தார். இரண்டு வாரம் சீட்டு விளையாடிவிட்டு, போன புதன்கிழமை ஒரு லேப்டாப்புக்குச் சொல்லி வைத்திருந்தவர். அன்றைக்கும் வீட்டில் இரண்டு இருப்பதாகத்தான் சொன்னார். அக்கா வழக்கம்போல, "அப்ப அதுல இருக்கறதை எடுத்துட்டு வாங்கண்ணே, புதுசுல ஏத்திடலாம்" என்று அனுப்பியிருந்தாள். இப்போது கையில் துணிப்பை. பைக்குள் பதினொரு நோட்டுகள். தோள், மார்பு, கை நீளம் என்று இருபத்தைந்து வருடமாக எடுத்த அளவுகள். மேஜைமேல் ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"இதையெல்லாம் ஏத்த முடியுமாம்மா?"

"ஏத்தலாம்ணே. நீங்க படிங்க, ரெண்டு பக்கம் நான் அடிக்கிறேன். அப்புறம் நீங்க."

அதிகாரிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. படிவத்தோடு எழுந்து வந்தார். "அப்போ இதுதான் சார் உங்க முதல் கம்ப்யூட்டர்? இதுக்கு முன்னாடி தொட்டதே இல்லையா?" கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தையல்காரர் முகம் செத்துப் போனது. "வீட்ல ரெண்டு இருக்கு" என்றார். நோட்டுகளை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட ஆரம்பித்தார். "அப்புறமா வர்றேன்." அப்புறம் வரமாட்டார் என்று எனக்கே தெரிந்தது.

அக்கா எழுந்து நின்றாள்.

"எனக்கும் ரெண்டு இருக்குன்னுதான் சார் எழுதிக் கொடுத்தேன், இங்க வேலைக்குச் சேர்றப்போ. ஒண்ணுகூட இல்லை. இந்தக் கடையிலதான் முதல் முதலா தொட்டேன். தப்பா எதையோ அமுக்கி உடைச்சிடுவேனோன்னு ஒரு வாரம் ஒத்தை விரலாலதான் தட்டினேன்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "உங்க ஊழியர் நம்பர் என்ன?" என்றார். அக்கா சொன்னாள். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

தையல்காரர் பையைக் கீழே வைத்தார். "அவங்க நம்பர் எதுக்கு சார்? என்னை எழுதுங்க. முதல் தடவைதான். ஐம்பத்தாறு வயசாச்சு, இப்பத்தான் தொடறேன்." சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் நோட்டைப் பிரித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போய் என் கையெழுத்து நோட்டை எடுத்து வந்து அதிகாரியிடம் நீட்டினேன். படிவத்தில் 'வீட்டில் இருக்கிறது' என்றவர்கள், அது வந்த மூன்று மாதத்தில் நூற்று அறுபத்தெட்டுப் பேர். பழசைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டவர்கள் இருபத்திரண்டு. இலவசத்தை யார் விடுவார்கள்? அதிகாரி அங்கேயே உட்கார்ந்து, கொண்டுவராதவர்களில் முப்பது பேருக்குப் போன் போட்டார். முதல் கம்ப்யூட்டரா என்று கேட்காமல், பழசிலிருந்து மாற்ற ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான்கு பேர்தான் இருக்கிறது என்றார்கள்.

கடை பிழைத்தது. படிவத்திலிருந்து அந்தக் கேள்வியையும் எடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் வந்தது. வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது, பொய்த் தகவல் தந்ததாகக் கோப்பில் பதிவு. அவள் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய வருடம் அது.

எனக்கு மனசு ஆறவே இல்லை. கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவளிடம் போய் நின்றேன்.

"அக்கா, நோட்டு மூணு மாசமா என் மேஜையிலேயேதான் கிடந்துச்சு. அன்னிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எனக்குப் புத்தி வந்திருந்தா, நீ வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். கடை தப்பிச்சிருக்கும்."

அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"கடை தப்பிச்சிருக்கும்டா" என்றாள். "தையல்கார அண்ணன் போயிருப்பாரே."