தாவூது பாயின் பெயரில்லாத எழுத்தாளர்கள்

செவ்வாய்க்கிழமை காலை கப்பலிலிருந்து வந்த பழைய காகிதத்தைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தாவூது பாயின் மைத்துனர் வந்து கடை வாசலிலேயே நின்றார். "மச்சான் மவுத்தாயிட்டாரு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம்" என்றார். ராயபுரத்திலும் துறைமுகத்திலும் பாயைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கப்பலில் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா அவர். அது வேலை, விஞ்ஞான நாவல்தான் உயிர். உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கியபோது பழக்கமானோம். மாலுமிகள் படித்துப் போடும் இங்கிலீஷ் புத்தகங்கள் என் கடைக்கு எடைக்கு வரும். பைண்டிங்காரர்கள் அட்டையைத் தனியாக வாங்குவார்கள் என்பதால் வந்ததும் கிழித்துவிடுவோம். எழுதியவர் பெயர் அச்சிட்ட முதல் தாளும் அதோடு போய்விடும். ஆகவே பாய்க்குப் பிடித்த எழுத்தாளர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. நடையைப் பார்த்து அவரே ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார். ஒருவர் கணக்குப்பிள்ளை, இன்னொருவர் மழைக்காரர்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர் சொல்லித்தான் கேட்பேன். சந்திரனுக்கு மனிதன் போவதெல்லாம் சுத்தப் பொய் என்று ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"டூப்புதான் முதலாளி. ஆனா கணக்குப்பிள்ளை ஒரே டூப்புதான் வுடுவாரு, மொதப் பக்கத்துல. அப்பால எண்ணிப் பாரு, ஒரு மூட்டை கொறையாது. எத்தினி நாள் பயணம், எவ்ளோ தண்ணி, எவனுக்கு எவன் மேல கோவம், அல்லாம் கரெக்டா இருக்கும்."

"மழைக்காரரு?"

"அவருக்குக் கணக்கு வராது. ஆனா செவ்வாய் கெரகத்துல ஒருத்தன் மழையை நெனச்சி அழுவுறான்னு எழுதினா, நம்ம வூட்டு ஓடு ஒழுவுற சத்தம் கேக்கும்."

கடைசியாக அவர் படித்தது கணக்குப்பிள்ளையின் நாவல். ஒருவன் நட்சத்திரத்துக்குச் சேதி அனுப்புகிறான். போய்ச் சேர இருபது வருஷம், பதில் வர இருபது வருஷம். கிழவனாகிக் காத்திருக்கிறான். அதற்குமேல் தாள்கள் இல்லை. தையல் விட்டுப் பிரிந்து கிடந்த பகுதியைப் பொட்டலக்காரர்களுக்குப் போட்டவன் நான்தான். அந்தச் சமயத்தில் பாய் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: பதில் வந்ததா?

அந்தத் தாள்களைத் தேடிக் கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை வேர்க்கடலைப் பொட்டலமாக வாங்கினேன். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பக்க எண் தெரியுமே. வயிறு கெட்டுப்போனது. எட்டுத் தாள் கிடைத்தது. பாய் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கதை இன்னும் முடியவில்லை.

மறுநாள் ஒரு பொய்யோடு போனேன்.

"பாய், கடைசித் தாள் கெடைச்சிது. ஈரத்துல கிழிஞ்சி பூட்ச்சி. ஆனா படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினேன்."

"யாரு படிச்சா?"

"போஸ்ட்மேன்."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சி. அனுப்பினவரு சவுக்கியமான்னு கேட்டிருந்தாங்கோ."

"அப்பால இன்னா?"

"அவ்ளோதான்" என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், உன் போஸ்ட்மேன் இங்கிலீஷ் விலாசம் படிக்கவே என்னாண்ட வருவான்யா!" சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "பரவால்ல. ஒரே டூப்போட நிறுத்திக்கினே. கணக்குப்பிள்ளையும் இப்டித்தான் முடிச்சிருப்பாரு."

நாங்கள் பேசியது அதுதான் கடைசி.

எண்ணெய்க் கறை படிந்த எட்டுத் தாளையும் அந்தப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். அது எடைக்குப் போகாது. இப்போதெல்லாம் என் கடையில் முதல் தாளை விட்டுவிட்டுத்தான் அட்டையை அறுக்கிறோம். எழுதியவர் பெயர் அப்படியே இருக்கிறது. அவர் கணக்குப்பிள்ளையா மழைக்காரரா என்று சொல்லத்தான் பாய் இல்லை.