வேதவல்லி அக்காவின் பெண்களைத் திருப்பி அழைத்து வந்தவள் நான்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆந்திரப் புத்தூரில் என் டி.டி.பி. கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. வேதவல்லி அக்காவின் மகன் முரளி. "ஆன்ட்டீ, அம்ம போயிந்தி" என்றான். குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டாராம். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "ஃபிளெக்ஸ் ஒண்ணு வேணும் ஆன்ட்டி, தெலுங்குல. மத்தியானத்துக்குள்ள குடுத்துடுங்க" என்றான். அம்மா எழுத்தாளர் என்று போடட்டுமா என்று கேட்டேன். "அவன்னீ எந்துக்கு ஆன்ட்டீ" என்றான். அதெல்லாம் எதற்காம்.

அடித்துக் கொடுத்தேன். அக்காவின் பெயர், அதற்குக் கீழே புருஷன் பெயர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள். ஒன்பது நாவல் எழுதிய பெண்மணிக்கு அதில் ஒரு வரி கிடைக்கவில்லை. ஆனால் முரளியைக் கோபித்துக்கொள்ளும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வடமாலபேட்டைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். "நைனா பத்தோட நிறுத்திட்டாரு. அந்தப் பத்தும் தெலுங்குலதான்" என்பார். அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இருபது வருடத்துக்கு மேல் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். காதலித்து ஓடி வந்த பெண்கள், பிடிக்காத மாப்பிள்ளையோடு சாமி கும்பிட வந்த பெண்கள், அப்பாவுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற பெண்கள் என்று எத்தனையோ பேரை அந்த மேஜையில் பார்த்தார். சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுப்பார். தமிழ்க் கதையைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவார். எனக்கு இரண்டு எழுத்தும் தெரியும் என்பதால் நோட்டு என் கடைக்கு வரும். நான் தமிழில் அடித்து, சென்னையில் மாத நாவல் போடும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்புவேன்.

முதல் நாள் அவர் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "கௌரி, இத்த வாய் விட்டுப் படி. தமிழ் வந்துச்சின்னா அடி. வரலன்னா மேஜை தொடைக்க வெச்சிக்கோ" என்றார். படித்தேன். வீட்டில் அடி வாங்கி வாங்கி ஒரு பெண் மெல்ல நிமிர்கிற கதை. அவள் பெயர் மஞ்சுளா. ஓர் இடத்தில் நானாக, 'அவள் விம்மி விம்மி அழுதாள்' என்று சேர்த்துப் படித்துவிட்டேன். "ஏய், அவ அழல. நீ அழுவறே. அத்த எடு" என்றார். கடையே சிரித்தது.

முதல் இரண்டு நாவல்கள் நல்லபடியாக வந்தன. மூன்றாவதைப் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பினார்கள். கதாநாயகி கஷ்டத்தில் பக்குவப்பட வேண்டும், கடைசியில் குடும்பத்தோடு சேர வேண்டும், வாசகிகள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று கடிதம். நான்தான் படித்துக் காட்டினேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பக்குவமா? அவ இன்னா வேக வெச்ச கெழங்கா? கஷ்டப்பட்டாப் பொண்ணு வளந்துடுவான்னு எவன் சொன்னது? கஷ்டம் ஆளைக் கூனத்தான் வைக்கும். என்னிக்கு முடியாதுன்னு வாயத் தொறக்கறாளோ, அன்னிக்குத்தான் ஒரு அங்குலம் வளர்றா. மாத்த மாட்டேன். அப்படியே மறுபடி அனுப்பு."

சரி என்றேன். அனுப்பவும் செய்தேன். ஆனால் அப்படியே அனுப்பவில்லை.

கடைசி அத்தியாயத்தை நானே எழுதினேன். அக்கா எழுதியதில் வீட்டை விட்டுப் போய்விட்ட பெண், என் அத்தியாயத்தில் மாமியார் வீட்டு வாசலில் திரும்பி வந்து நிற்கிறாள். மாமியார் கண் கலங்கி உள்ளே கூப்பிடுகிறார். புத்தகம் வந்தது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. "முடிவு அருமை" என்று வந்த கடிதத்தை நான் படிக்க, அக்கா சந்தோஷமாகத் தலையாட்டினார். அச்சான பக்கத்தைப் பார்த்தால் அவருக்கு என்ன தெரியும்? அடுத்தடுத்து ஆறு நாவல்களுக்கு இதையே செய்தேன். ஓடிப்போன பெண்களை எல்லாம் ஒருத்தி விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

அவர் எழுத்து நிற்கக் கூடாது என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள் நான். மாமியார் தட்டை விட்டெறிந்தபோதும் பொறுத்தேன், புருஷன் கை நீட்டியபோதும் பொறுத்தேன். நான் முப்பது வருடம் முழுங்கியதை, இவர் எழுதிய பெண் முந்நூறு பக்கத்தில் தட்டிவிட்டுப் போவதா? எனக்குப் பொறாமை. வேறென்ன?

இரண்டு வருடத்துக்கு முன்பு, அரக்கோணத்திலிருந்து ஒரு பெண் தனியாக வந்து அந்த லாட்ஜில் தங்கினாள். கழுத்தில் காயம். மூன்றாம் நாள் காலையில் பையோடு வந்து சாவியை நீட்டி, "வீட்டுக்கே போறேன்க்கா. இந்தப் புக்கு படிச்சேன். இதுல வர்ற பொண்ணு திரும்பிப் போனப்புறம் எல்லாம் சரியாயிடுது" என்றாளாம். அட்டையில் அக்காவின் போட்டோ. கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "இது நான் எழுதினது இல்ல, போவாதே" என்று கையைப் பிடித்திருக்கிறார். அதற்குள் அவள் அண்ணன் வாசலில் ஆட்டோவோடு நின்றான். அவள் போய்விட்டாள்.

அன்று மத்தியானமே என் கடைக்கு வந்தார். கத்தவில்லை.

"என் பொண்ண யாரு கௌரி திருப்பி இட்னு வந்தது?"

நான் திமிராகவே பேசினேன். "நீங்க மட்டும் இன்னா? பொழுது சாஞ்சா அதே புருஷன் வீட்டுக்குத்தானே பஸ் ஏறிப் போறீங்க?"

"ஆமா, போறேன். அந்தக் கோவத்துலதான் எழுதிக்கினு இருந்தேன். நீ பொறுத்துக்கினா, ஊர்ல இருக்கற பொண்ணுங்க எல்லாம் பொறுத்துக்கணுமா?"

ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தார். லாட்ஜ் ரிஜிஸ்டரில் அந்தப் பெண் கொடுத்திருந்த போன் நம்பர். "நீயே கூப்டு. உசுரோட இருக்காளான்னு கேளு." கூப்பிட்டேன். பல நாள் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என் கடைப்படி ஏறவில்லை. பஸ் நிறுத்தத்தில் எதிரே பார்த்தால் தெலுங்கில் "பாகுன்னாவா" என்று நலம் மட்டும் கேட்பார். என்னோடு தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தண்டனை. ஐம்பத்தாறு வயதில் ஒண்ணாம் கிளாஸ் புத்தகம் வாங்கி, லாட்ஜ் மேஜையிலேயே அ, ஆ எழுதிப் பழகினார் என்று அங்கே பெருக்கும் பெண்கள் சொன்னார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். கொடுக்கவும் கூடாது.

சாவுக்கு லாட்ஜில் பெருக்கும் அந்தப் பெண்கள் பத்துப் பேர் வந்து, "கதை எழுதற அம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். முரளி மிரண்டுபோனான். நேற்று ஒரு நோட்டோடு என் கடைக்கு வந்தான். "அம்மா எழுதினது போலிருக்கு ஆன்ட்டி. எனக்குத் தமிழ் படிக்க வராது. காரியத்துக்கு வர்றவங்களுக்குப் புக்காக் குடுக்கலாம்னு" என்றான்.

குழந்தை எழுதியதுபோலக் கோணல்மாணலான தமிழ் எழுத்து. அவனுக்கு வாய் விட்டுப் படித்துக் காட்டினேன். கழுத்தில் காயத்தோடு லாட்ஜுக்கு வந்த பெண்ணின் கதை. கடைசியில் அண்ணன் வாசலில் நின்று கூப்பிடுகிறான். அவள் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு, "நான் வரலண்ணா, நீ போ" என்கிறாள். அவ்வளவுதான் முடிவு.

முரளி தயங்கினான். "கடைசில அவ அண்ணனோட போற மாதிரி கொஞ்சம் மாத்திடுங்க ஆன்ட்டி. சொந்தக்காரங்க படிப்பாங்க. அம்மாவை ஒரு மாதிரியா நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும்" என்றேன்.

கதையை நோட்டில் இருந்தபடியே அடித்து முடித்துவிட்டேன். அதே புத்தகத்தில், கதைக்கு முன்னால் இந்தக் கட்டுரையும் அச்சாகும். அக்கா, உங்களைக் கும்பிட்டு வழியனுப்பக்கூட எனக்குக் கை கூசுகிறது. போய் நிம்மதியாக இருங்கள்.

அரக்கோணத்துப் பெண்ணே, உன் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீ உயிரோடு இருந்து, இது எப்படியாவது உன் கைக்கு வந்தால், ஒன்று மட்டும் தெரிந்துகொள். உன்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். அக்கா உன்னைப் போகச் சொல்லவே இல்லை.