அம்மனைக் கரையேற்றிய தொங்குபாலம்

மருதையாற்றுத் தொங்குபாலத்தின் வரலாற்றை முதன்முதலில் எழுதியவன் நான். எழுபதுகளின் இறுதியில், அரியலூரில் நான் தமிழாசிரியனாக இருந்த பள்ளியின் ஆண்டு மலருக்காக எழுதினேன். 'முன்னொரு காலத்துக் கடற்கரை ஊர்கள் இரண்டை இணைக்கும் பாலம்' என்று அது தொடங்கும். எங்கள் பக்கத்து மண்ணில் தோண்டுமிடமெல்லாம் கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் கிடைக்கும். இங்கே கடல் இருந்ததென அறிஞர்கள் சொல்லிச் சென்றிருந்தார்கள். அந்த மிடுக்கில் எழுதிய வரி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த என் அண்ணன் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கடலு இருக்கட்டும்டா. ரோப்பப் பத்தி ஒரு வரி எழுதுனியா?"

எழுதவில்லை. பாலத்தைத் தாங்கிய கம்பிவடத்தைத்தான் அண்ணன் ரோப் என்பார். கார்த்திகை உலாவைப் பற்றியும் எழுதத் துணியவில்லை. அந்த இரண்டும் இல்லாமல் அப்பாலத்துக்கு வரலாறு இல்லை.

ஆற்றின் தென்கரையில் ஊர். வடகரையில் எங்கள் தெரு. எங்கள் முன்னோர் தென்கரையாரின் நிலங்களில் கூலிக்கு உழைத்தவர்கள். என் தலைமுறையில் சுரங்கம், தொடர்வண்டி, பள்ளி எனப் பல பணிகளுக்குப் பரவினோம். பள்ளிக்கூடமும் தென்கரையில், அம்மன் கோயிலும் தென்கரையில். ஐப்பசி மழையில் ஆறு பெருகினால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. கார்த்திகையில் அம்மன் உலா வரும்போது எங்களுக்கு அம்மனும் இல்லை. பல்லக்கு தென்கரைத் தெருக்களை எல்லாம் சுற்றி ஆற்றோரம் வந்து நிற்கும். அங்கிருந்தபடியே எங்கள் திசை நோக்கிச் சூடம் காட்டுவார்கள். நாங்கள் இக்கரையில் நின்று கைகுவிப்போம்.

கேட்டால், "ஆத்துல தண்ணி கெடக்குதேப்பா, எப்படி வர்றது?" என்பார்கள். மழை பொய்த்து ஆறு வறண்டு கிடந்த ஆண்டுகளிலும் கேட்டிருக்கிறோம். "மணல்ல காலு பொதையுமே" என்றார்கள்.

பாலம் பிள்ளைகளுக்காகத்தான் கட்டப்பட்டது. சுரங்கத்தில் வண்டிகளை இழுக்கும் எஃகுக் கம்பிவடங்களைக் குறிப்பிட்ட காலம் ஓடியதும் கழித்துவிடுவார்கள். அவற்றைப் பேணுவதும் முறுக்கிப் பிணைப்பதும் அண்ணனின் பணி. கழித்த வடத்தை ஊருக்குத் தரும்படி மேலாளரிடம் கேட்டு அவரே வாங்கி வந்தார். பழைய வேட்டியைக் கிழித்து வடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குனிந்தபடியே நடந்தார். உள்ளே ஓர் இழை அறுந்திருந்தாலும் அதன் நுனி துணியைப் பற்றி இழுக்கும். துணி சிக்கிய இடத்தையெல்லாம் அறுத்தெறிந்தார். துணி வழுக்கி ஓடிய பகுதி மட்டுமே பாலத்துக்குப் போயிற்று. மூன்று நாள் அப்படி நடந்தார். நான்காம் நாள் நிமிர முடியாமல் கிடந்தார்.

இரு கரையாரும் உழைத்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். தென்கரையார் பனைகளை வெட்டிப் பலகையாக்கித் தந்தார்கள். வடங்களின் முனைகளைக் கட்டுவதற்கான பாறைகளை நாங்கள் புதைத்தோம். ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் அகலமே பாலத்துக்கு. ஊராட்சி ஒன்றிய மேற்பார்வையாளர் வந்து மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்து ஒப்பமிட்டுப் போனார். அண்ணன் பிள்ளைகளுக்கு ஒரேயொரு கட்டளையிட்டார்: "ஓடுங்க, நடங்க, சேந்தே போங்க. ஆனா அணிவகுப்பு மாதிரி ஒரே அடியா வைக்காதீங்க. பாலம் ஊஞ்சலாயிடும்."

அவ்வாண்டுக் கார்த்திகைக்கு முன்பே அண்ணி ஊர்ப்பெரியவரின் வாசலில் போய் நின்றுவிட்டார்.

"இனிமே ஆத்தக் காட்ட முடியாதுங்களே. இந்த வருசம் அம்மா எங்க தெருவுக்கு வருதுங்களா, இல்லீங்களா?"

பெரியவர் ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "பாலம் தாங்குனா வரும்" என்றார். அந்தச் சொல்லைக் கொண்டுவந்து அண்ணி தெரு முழுதும் அறிவித்தார்.

உலா நாளன்று பிற்பகலிலேயே எங்கள் தெரு முழுதும் நீர் தெளித்துக் கோலமிட்டாயிற்று. வெயில் சாயும் வேளையில் மேளத்தோடு பல்லக்கு தென்கரைப் பாலமுனைக்கு வந்தது. ஒற்றைத் தண்டுப் பல்லக்கு. முன்னே இருவர், பின்னே இருவர். நால்வரும் ஒரே குடும்பத்தார், ஒரே உயரத்தினர். அப்பன் பிள்ளையாக அந்தத் தண்டைச் சுமப்பவர்கள். மேளத்துக்கு இசைய நால்வரின் வலக்காலும் ஒன்றாக எழும், ஒன்றாக விழும். அம்மனின் மாலைகூட அசையாது என்பது அவர்களின் பெருமை.

அண்ணன் எங்கள் கரையில், வடம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் அதன்மேல் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தார். நான் தென்கரையில் கூட்டத்தோடு நின்றேன்.

பத்துப் பன்னிரண்டு அடி வரை ஒன்றும் இல்லை. பிறகு பாலம் இடப்புறம் சாய்ந்தது, வலப்புறம் மீண்டது, அடுத்த அடிக்கு அதைவிடச் சாய்ந்தது. பல்லக்கின் குடை கழன்று ஆற்றில் விழுந்தது. பெண்கள் அலறினார்கள். நால்வரும் பின்னோக்கியே நடந்து கரைக்கு மீண்டார்கள்.

"அம்மாளுக்கு விருப்பமில்ல போலருக்கு" என்றார் பெரியவர். அவர் குரலில் வருத்தமும் இருந்தது, ஆறுதலும் இருந்தது.

அண்ணன் பாலத்தின்மேல் விரைந்து வந்தார். "அம்மாளுக்கு விருப்பமில்லாம இல்லீங்க. இவங்க காலு ஒண்ணா விழுவுது, அதான். மேளத்த நிறுத்திட்டுப் போவச் சொல்லுங்க."

மேளம் நின்றது. மீண்டும் சென்றார்கள். ஆனால் பழகிய கால்களுக்கு மேளம் எதற்கு? ஐந்தாறு அடியில் நான்கு வலக்கால்களும் தாமாகவே ஒன்றுசேர்ந்தன. பாலம் மறுபடியும் ஊஞ்சலாயிற்று. மறுபடியும் மீண்டார்கள்.

உலா முடியும்வரை அம்மனைத் தரையில் இறக்கக் கூடாது. இறக்கினால் கோயிலுக்குத் திரும்பவேண்டும் என்பது முறை. நால்வரும் தோளில் சுமந்தபடியே நின்றார்கள். எதிர்க்கரையில் எங்கள் தெருவே திரண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆள மாத்தணுங்க" என்றார் அண்ணன். "நாலு பேரும் ஒண்ணா நடந்தே பொறந்தவங்க. முன்னாடி இவங்க ரெண்டு பேரு இருக்கட்டும். பின்னாடி எங்காளுங்க ரெண்டு பேரு புடிக்கட்டும்."

எங்கள் தெருவினர் யாரும் அந்தத் தண்டைத் தொட்டதில்லை. அதை எல்லாரும் அறிவர், எவரும் சொல்லவில்லை.

"பழக்கமில்லாத ஆளப்பா" என்றார் பெரியவர், மெல்ல.

"பழக்கமில்லாத ஆளுதாங்க வேணும்."

பெரியவர் சுமப்போரில் மூத்தவரைப் பார்த்தார். முன்முனையில் நின்ற அவருக்கு வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றார் அவர். "எறக்கவும் கூடாது, போவவும் முடியல. பொழுது சாயுற வரைக்கும் இப்படியே நிக்கிறதா? ஏய், வாங்கப்பா ரெண்டு பேரு!"

அண்ணன் முதலில் எங்கள் தெருவின் நெட்டை ஆள் ஒருவரை அழைத்தார். அடுத்து என் தோளைப் பற்றி முன்னே தள்ளினார்.

"என் தம்பியப் போடுங்க. கோலாட்டத்துல நிக்க வச்சா அடுத்தவன் கையிலயே அடிப்பான். இவன் காலுக்கும் தாளத்துக்கும் சம்பந்தமே கெடையாது."

யாப்பிலக்கணம் கற்பிக்கும் என்னைப் பற்றி ஊரறிய இப்படிச் சொன்னார். அது உண்மை, மறுக்க வழியில்லை.

"வாத்தியாரா?" என்று திரும்பிப் பார்த்தார் மூத்தவர். "சரி, சார். செருப்பக் கழட்டிட்டு வாங்க."

நான் தண்டின் அடியில் தோளைக் கொடுத்தேன். நெட்டையருக்கும் எனக்கும் இடையே இருந்த உயர வேறுபாட்டால் மூங்கில் என் தோளை ஒரு கணம் அழுத்தும், மறுகணம் விட்டு எழும். எதிர்பார்த்ததைவிட அம்மன் கனமாக இருந்தாள். முன்னிருந்த இருவரின் கால்கள் ஒன்றுசேரத் துடித்தன. பின்னிருந்த எங்கள் தடுமாற்றம் தண்டின் வழியே போய் அவர்களைக் கலைத்தது.

"சார், காலப் பின்னாதீங்க!" என்று முன்னிருந்து ஓர் அதட்டல் வந்தது. நாலடி கழித்து அதே குரல்: "இல்ல இல்ல, பின்னுங்க. அதான் நல்லாருக்கு. அப்படியே பின்னிக்கிட்டு வாங்க!"

கரையில் யாரோ சிரித்தார்கள். பாலம் நடுங்கியது, ஆடவில்லை. அம்மனின் மாலை கண்டபடி அசைந்தது. முன்பே ஓடிப்போன அண்ணன் வடத்தில் கைவைத்து, எங்களைப் பாராமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வடகரைப் பலகையை என் கால் தொட்டபோது குலவையொலி எழுந்தது. பெருமை என்ற சொல்லுக்கு நான் அறிந்த பொருள் அந்த ஒலியே.

மூத்தவர் தெருமுனையிலேயே திரும்ப முற்பட்டார். அண்ணி குறுக்கே வந்து நின்றார்.

"எங்க திரும்புறீங்க? கடைசி வூடு வரைக்கும் கோலம் போட்டிருக்குங்க."

"தோளு வுட்டுப்போச்சும்மா."

"பின்னாடி எங்க வாத்தியாரு தாங்குறாரு, ஒங்களுக்கு என்னங்க?"

கடைசி வீடு வரை சென்றோம். ஒவ்வொரு வாசலிலும் நின்றோம். என் தோள் ஒரு வாரம் வீங்கியிருந்தது. வகுப்பில் இடக்கையால் கரும்பலகையைத் துடைத்தேன்.

அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முன்னே அவர்கள், பின்னே நாங்கள். பாலம் அதைக் கேட்டது. ஆகவே எவரும் வாதிடவில்லை. எண்பதுகளில் அரசு சற்றுத் தள்ளிக் கம்பியும் சிமென்டும் சேர்ந்த கற்காரைப் பாலம் கட்டியது. பேருந்தே போகலாம். தொங்குபாலத்தை அண்ணன் தம் கையாலேயே கழற்றினார். "வேல முடிஞ்சிருச்சு" என்றார், வருந்தவில்லை.

அந்தக் கார்த்திகையில் உலா புறப்படும்போது ஊர்ப்பெரியவர், கூட்டத்தில் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "இப்பதான் பாலம் ஆடாதே. பழையபடி அவங்க நாலு பேருமே தூக்கிடட்டும்."

வெளிப்படையாக அதில் தவறு காண இயலாது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாலம் மாறுச்சுன்னா தோளையும் மாத்தணுமா? அதெல்லாம் சரிப்படாது. வடகரை ஆளு ரெண்டு பேரு வந்தாத்தான் நான் தண்டத் தொடுவேன்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இத்தன வருசமா ரோப்பப் புடிச்சிக்கிட்டே நின்னுட்ட. இந்தத் தடவ நீ வா."

அண்ணன் சுரங்கத்துச் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மேளம் முழங்கப் புதிய பாலத்தின்மேல் அவர் அம்மனைச் சுமந்து வருவதை முன்னே போய் எங்கள் கரையில் நின்று பார்த்தேன்.