"போறேன்" என்றவளைக் காணப் போன வழி

நான் இருக்கும் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். என் தங்கை தங்கம் அங்கேதான் இருக்கிறாள். நான் போக முப்பது வருடம் ஆனது. போன திங்கட்கிழமை போனேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டு இறங்கும்போது "வாறேன்" என்றுதான் சொல்வோம். தங்கம், முப்பது வருடம் முன்பு, அம்மை செத்த பதினாறாம் நாள் அடியந்திரத்தில் பாதிச் சாப்பாட்டில் எழும்பி, "போறேன்" என்றாள். பச்சைக்கரை பாலராமபுரம் சேலை. இலையில் பருப்பு அப்படியே கிடந்தது. எனக்கு எதுவும் மறக்காது.

அன்றிலிருந்து மனதுக்குள் ஒரே பேச்சு: 'போனவ அவளாக்கும், அவளே வரட்டும்.' போவதற்கு முந்தின வாரம் துணி பிழியும்போது அது வாய்விட்டு வந்துவிட்டது. என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்: 'எனக்கு அவளைக் காணணும்.' அது பொய்யாகக் கேட்கவில்லை. அப்படியானால் இதுதான் உண்மை.

காலையில் தனுவச்சபுரம் வழி போகும் பஸ்ஸில் ஏறாதீர்கள், கல்லூரிப் பிள்ளைகள் கால் வைக்க இடம் விடமாட்டார்கள். அமரவிளை வழி நேர் பஸ் நல்லது. ஒன்பதரைக்கு ஏறினேன்.

"அம்மச்சி எங்க எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"தங்கச்சி வீட்டுல, மக்கா."

"அங்க ஸ்டாப் இல்லையே அம்மச்சி!"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான். அன்று சிரித்தது அவ்வளவே.

தங்கம் வாசலில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டி தங்கம்."

தலை தூக்கவில்லை. "ஆரு செத்தது?"

"ஒருத்தரும் சாகல்ல. உன்னைக் காணணும்னு வந்தேன்."

"இலையில பருப்பு கெடந்ததை ஊரெல்லாம் சொன்னியே. எதுக்கு எழும்பினேன்னு ஒருக்கா கேட்டியா?"

"இப்ப கேக்கேன்."

"இப்ப சொல்லமாட்டேன்."

பால் விடாத கட்டன்சாயா தந்தாள், சர்க்கரை போடாமல். எனக்கு சுகர் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. குடித்துவிட்டு எழுந்தேன்.

"வாறேன்."

"வேண்டாம். போறேன்னு சொல்லீட்டுப் போ."

அதைச் சொல்லாமலே இறங்கினேன்.

திரும்பும்போது, அமரவிளைப் பாலம் தாண்டுவதற்குள் பழைய பேச்சு தொடங்கிவிட்டது: 'கண்டியா, அவளாக்கும்...' பிடித்து நிறுத்தினேன். மாற்றிச் சொன்னேன்: 'அவளுக்கு என்னை வேண்டாம். எனக்கு அவளைக் காணணும்.' உண்மையைச் சொன்னதால் நெஞ்சு லேசாகவில்லை. லேசாகும் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

இப்படிப் போக வேண்டிய இடம் உங்களுக்கும் இருந்தால் நாளைக்கே போங்கள். கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பஸ்ஸுக்குக் குறைவில்லை, எப்போதும் உண்டு. அதை நம்பித்தான் நானும் முப்பது வருடம் இருந்துவிட்டேன்.