லீவு பைலில் கிடந்த அஞ்சலை அக்காவின் ரிப்போர்ட்

போன வாரம் காலைப் பெரட்டில், தோட்டத்து ஆட்கள் வரிசையில் நிற்க, ஆபீஸ் கணக்கர் கிராணி வேலைக்குப் பெயர் வாசித்துக்கொண்டு வந்தார். அஞ்சலை என்ற பெயர் வந்ததும் நிறுத்தினார். "தவறிட்டாங்க. நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு," என்றார். பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்த செய்தியைக் காலையில், அதுவும் பெயரை அடிக்கும்போதுதான் சொல்கிறார். மருந்தறை வாசலில் நின்ற எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதை மறைத்துக்கொண்டு அஞ்சலி எழுத எனக்குத் தெரியாது.

அக்காவோடு மலையில் நின்றவர்களுக்கு அவர் கை தெரியும். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதில் ஆண்களே அவரிடம் தோற்பார்கள். ஒருமுறை கங்காணி, "போதும், விடு அஞ்சல," என்று சொன்ன செடியை அக்கா இன்னும் ஒரு சாண் கீழே வெட்டி, உள்ளே ஓடியிருந்த கறுத்த அழுகலைக் காட்டினார். "வெட்டுன எடத்தப் பாக்காம போதும்னு சொல்லாதீங்கலா," என்றார். கங்காணி அடுத்த நிரைக்கு நகர்ந்தார்.

எழுபதுகளின் கடைசியில் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்தார்கள். தையல் பிரித்த புண்ணுக்கு நான்தான் கட்டுப் போட்டேன். நான் படித்துத் தேறிய நர்ஸ் அல்ல, மருந்தறையைப் பார்க்கும் டிரசருக்கு உதவியாள். ஆனாலும் எல்லோருக்கும் 'மிஸ்ஸி'. சில வாரம் கழித்து அவர் கணவர் மாரிமுத்து அண்ணன் ஆஸ்பத்திரி கொடுத்த உறையைக் கொண்டுவந்து தந்தார். நம் எஸ்டேட் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரிக் காகிதம் என்றால் லீவுக்கு. நேரே ஆபீசுக்குப் போகும். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், இருந்தும்.

கிராணி லீவு கொடுத்தார், பிறகு நர்சரியில் இலேசான வேலை கொடுத்தார். "எல்லாம் எடுத்துட்டாங்க, இனிமே பயமில்ல," என்று லயத்தில் எல்லா வீட்டிலும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஏழு மாதம் போனது. அக்காவின் கழுத்தோரம் நெறி கட்டிப் புடைத்தது. அப்போதுதான் அந்த உறை ஞாபகம் வந்து ஆபீசுக்கு ஓடினேன். "லீவுதான் குடுத்தாச்சே, இன்னும் என்னாத்துக்கு அந்தப் பேப்பரு?" என்றார் கிராணி. லீவு பைலில் இரண்டு ஓட்டை போட்டுக் கோத்து வைத்திருந்தார். உறைக்குள் இருந்த ரிப்போர்ட்டை அங்கேயே நின்று வாசித்தேன். கூடவே ஒரு கடிதமும் இருந்தது. மேல்சிகிச்சைக்கு உடனே அனுப்பவும் என்று எழுதியிருந்தது. உடனேயாம்.

அன்று மாலை அந்த ரிப்போர்ட்டையும் டிரசரின் தடித்த மருத்துவப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணறினேன். "முழுங்காத மிஸ்ஸி. ஒரு வரி விடாம படி. என் ஒடம்பு," என்றார். படித்தேன். கட்டி நாலு சென்டிமீட்டர். வெட்டிய விளிம்பில் நோய் இல்லை. அக்குளிலிருந்து எடுத்த பதினோரு நெறிகளில் ஐந்தில் நோய் இருக்கிறது. விளிம்பு என்றால் என்ன என்று நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "வெட்டுன எடம் சுத்தம். ஆனா அதுக்கு முன்னாலயே தாண்டிப் போயிருச்சு. அப்படித்தானே?" நான் தலையாட்டினேன். "அப்ப எல்லாம் எடுத்துட்டாங்கன்னு யாரு சொன்னா?"

மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் கிராணியைக் கேட்டார்: "என் மாரை வெட்டி எழுதுன காயிதம், ஒங்க பைலுக்காகவா எழுதுனாங்க?" கிராணி அடுத்த பெயரை வாசித்தார். அங்கே நின்ற நம்மில் ஒருவராவது வாய் திறந்தோமா? இல்லை. நானும் இல்லை.

கோலாலம்பூருக்குப் போய்க் கரண்டு, அதாவது கதிர்ச் சிகிச்சை, வைத்துக்கொண்டு வந்தார். சீக்கிரம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடமே கேட்டாராம். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஏழு மாதம் சும்மா விட்டிருக்கக் கூடாது என்றாராம். ஒருநாள் நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒம் மேல கோவம் இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. நாளைக்கி வா, இன்னொரு தடவ படிக்கணும்," என்றார். அதன் பிறகு மூன்று வருடம் இருந்தார். லயத்தில் எந்தப் பெண் ஆபரேஷன் முடிந்து வந்தாலும் போய் உட்கார்ந்து கேட்பார்: எவ்வளவு பெருசு? வெட்டுன எடம் சுத்தமா? நெறியில எத்தன? அடுத்து எங்க வரச் சொல்லிருக்காங்க? பதில் தெரியாவிட்டால் என்னிடம் அனுப்புவார்.

ஓட்டை போட்ட அந்தக் காகிதம் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. அக்காவே கொடுத்தது. அவருடைய கோபமும் என்னிடம்தான் இருக்கிறது. அது தணிய வேண்டும் என்று நான் கும்பிடப் போவதில்லை.

நேற்று ஒரு பெண் ஆஸ்பத்திரி உறையோடு மருந்தறைக்கு வந்தாள். ஆபீஸ் பையன் கை நீட்டினான். "அவ கேட்டு முடிக்கட்டும், அப்புறம் வா," என்றேன். அவளை உட்காரவைத்து, உறையைப் பிரித்து, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.